பிஸ்கட் டப்பாவில் 127.85 கிராம்

அம்மாவின் வருஷாப்திகம் முடிந்த மறுநாள்தான் அந்த டப்பாவைத் திறந்தோம். வங்கி லாக்கரில் இருந்த டப்பா என்று நினைத்துவிட வேண்டாம். திருமங்கலம் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால், துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். பீரோவில் வைத்தால் திருடன் முதலில் அங்கேதான் கைவைப்பான் என்பது அவள் வாதம். எண்பது வயது வரை அந்த வாதம் தோற்கவில்லை.

அது 2025 செப்டம்பர். பவுன் விலை எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஓசூரிலிருந்து வந்திருந்த தம்பி, முடிச்சை அவிழ்க்கும் முன்பே முடிவோடு இருந்தான். “எல்லாவற்றையும் அழித்துவிடலாம் அக்கா. பணமாக்கி மூன்றாகப் பிரித்தால் தகராறே இல்லை.” திண்டுக்கல்லிலிருந்து வந்த தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. “அம்மா கழுத்தில் கிடந்ததை அழிப்பதா?” என்றாள். நான் மூத்தவள். அந்த மே மாதம்தான் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு வீட்டில் என்ன மரியாதை தெரியுமா? “நீயே கணக்குப் போட்டுச் சொல்” என்று டப்பாவை என் மடியில் வைத்துவிட்டார்கள்.

பணத்துக்குத் தேவையும் இருந்தது. அந்த வீட்டின் மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்து, முந்தைய ஆண்டு மழையிலேயே பூஜை அறைச் சுவரில் நீர் இறங்கியிருந்தது. கொத்தனார் 2,60,000 ரூபாய் ஆகும் என்றார். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

முதலில் எடை. எங்கள் சமையலறைத் தராசு கிராம் கணக்கில்தான் காட்டும். தங்கத்துக்கு அது உதவாது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், இரண்டு தசமம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கினேன். எடை போடும் முன் எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கழுவுவதற்கு முன்னும் பின்னும் போட்ட எடைகளுக்கு ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம். அவ்வளவும் அம்மாவின் மஞ்சளும் எண்ணெயும் வியர்வையும். கடைக்காரர் “அழுக்குக்கு இவ்வளவு கழிவு” என்று குத்துமதிப்பாகக் கழிக்கும் வாய்ப்பை வீட்டிலேயே அடைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கடைசியில் நான் செய்த வேலைகளில் முழுசாகப் பலித்தது இது ஒன்றுதான்.

கழுவிய பிறகு கணக்கு இப்படி. கல் வைக்காத வளையல் நான்கு, 32.10 கிராம். கெம்புக்கல் அட்டிகை, கல்லோடு சேர்த்து 31.40. இரண்டாக அறுந்த மணிச் சங்கிலி 22.65. அம்மாவின் கல்யாணச் சங்கிலி 19.80. உதிரி ஒரு குவியல், 14.60: ஜோடி தொலைந்த ஜிமிக்கி, ஒற்றைத் தோடு, நசுங்கிய மோதிரம், மாட்டல், திருகாணிகள். 2012இல் வாங்கிய இரண்டு சின்ன மோதிரங்கள் 4.10. தாலிப் பொட்டு இரண்டும் சேர்த்து 3.20. மொத்தம் 127.85 கிராம், பதினாறு பவுனுக்கு ஒரு நெல் குறைவு.

பூதக்கண்ணாடி வைத்து முத்திரை தேடினேன். இரண்டு மோதிரங்களில் மட்டும் ஹால்மார்க் முத்திரையும் 916 என்ற எண்ணும் (22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) இருந்தன. இப்போது கடையில் விற்கும் நகைகளில் இருக்கும் ஆறு இலக்க எழுத்தெண் இவற்றில் இல்லை; அது 2021இல் வந்து, 2023 ஏப்ரல் முதல் கடைகளுக்குக் கட்டாயமானது. அந்தக் கட்டாயம் விற்கும் கடைக்காரருக்குத்தான். நம் வீட்டில் இருக்கும் முத்திரையில்லாத பழைய நகையை விற்க எந்தத் தடையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், “முத்திரை இல்லையே, இனிமேல் இதை யாரும் வாங்க மாட்டார்கள்” என்ற பேச்சுக்குப் பயந்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

மணிச் சங்கிலியின் கொக்கியில் கேடிஎம் என்று பொறித்திருந்தது. தங்கை அதைத் தூய்மைக்கான முத்திரை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தாள். நானும்தான்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனேன். ஊரில் பாதிப் பேர் நகை வாங்குவதும் விற்பதும் அந்த வீதியில்தான். முதலில் ஏறியது ஒரு பெரிய கடை. குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்தார்கள். மணிச் சங்கிலியைக் காரட் மீட்டரில் வைத்தார்கள். அது எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்க்கும் எந்திரம். நகையை உரசாது, வெட்டாது. ஆனால் மேல்தோலை மட்டுமே படிக்கும், வைத்த இடத்தை மட்டுமே படிக்கும். “ஒரே இடத்தில் பார்க்காதீர்கள், மூன்று இடங்களில் பாருங்கள்” என்றேன். 84.6, 84.1, 83.2 என்று வந்தது. சரி, 84 என்று வைத்துக்கொள்வோம் என்றார் விற்பனையாளர். நூறு பங்கில் 84 பங்கு தங்கம் என்று பொருள். கடைவீதியில் இதற்கு டச் என்று பெயர்; பத்தரைமாற்றுப் பொன் என்கிறோமே, அந்த மாற்றுதான்.

பிறகு அந்த விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டினார். 22.65ஐ 84 சதவீதத்தால் பெருக்கினால் 19.03 கிராம். அன்றைய 22 காரட் விலை கிராம் 11,300 ரூபாய். ஆக மொத்தம் சுமார் 2,15,000.

எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம், தப்பான கணக்கைக் கண்டால் விரல் தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். 84 சதவீதத்தால் பெருக்கி வந்த 19.03 கிராம் சுத்தத் தங்கம், அதாவது 24 காரட். அதை 22 காரட் விலையால் பெருக்கினால் கலப்புக்கு இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஒன்று, சுத்தத் தங்கத்தை 24 காரட் விலையால் பெருக்க வேண்டும், அல்லது 19.03ஐ 0.916ஆல் வகுத்து 22 காரட் எடைக்குக் கொண்டுவந்து, பிறகு 22 காரட் விலையால் பெருக்க வேண்டும். வகுத்தால் 20.77 கிராம். விலை 2,34,700. வித்தியாசம் 19,700 ரூபாய். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் சிரித்துக்கொண்டே, “புதுப் பையன் அம்மா, கவனிக்கவில்லை” என்றார். இருக்கலாம். அந்தப் பையன் என் வகுப்பில் படித்திருந்தால் ஏழாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்திருப்பேன்.

பழைய நகை விற்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதைக் கேட்க மறக்கக் கூடாது: டச் எவ்வளவு, அதை எந்த ரேட்டால் பெருக்குகிறீர்கள், 22ஆ 24ஆ, பலகையில் இருக்கும் விலையா, அதிலிருந்து குறைத்தா? அங்கே நகையாக எடுத்துக்கொண்டால் பலகை விலை. பணமாக வேண்டுமென்றால் 3 சதவீதம் குறைவு.

“பணம் எதற்கு அம்மா, அதே எடையில் புதுச் சங்கிலி எடுத்துக்கொள்ளுங்களேன்” என்றார் மேலாளர். அதற்கும் கணக்குப் போட்டேன். புதுச் சங்கிலி 22.65 கிராம், சேதாரம் 14 சதவீதம். எடை 25.82 கிராமாக ஆகிறது. 11,300ஆல் பெருக்கினால் 2,91,800. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. 3,00,500. பழைய சங்கிலிக்கு அவர்கள் தரும் 2,34,700ஐக் கழித்தால், “அதே எடை” சங்கிலிக்கு நான் கையிலிருந்து 65,800 ரூபாய் கொடுக்க வேண்டும். பழைய நகையில் நாம் இழப்பது பெரும்பாலும் விற்கும் இடத்தில் இல்லை, மாற்றும் இடத்தில். அம்மா காலத்தில் இரண்டு தீபாவளிக்கு ஒரு தடவை தோட்டை அழித்துப் புதுத் தோடு செய்வார்கள். ஒவ்வொரு அழிப்பிலும் ஒரு சேதாரம். அந்தக் குவியலில் கிடந்த ஒற்றைத் தோடு எத்தனை தோடுகளின் மிச்சமோ.

கிளம்பும் முன் அம்மாவின் கல்யாணச் சங்கிலியை மீட்டரில் வைத்தார்கள். 59 என்று காட்டியது. மேலாளரின் சிரிப்பு மறைந்தது. “இதில் என்னவோ கலப்படம் இருக்கிறது. இதை நாங்கள் எடுப்பதில்லை” என்று விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். எனக்கு அதிர்ச்சி இல்லை. எங்கள் வீட்டில் அது அறுபது ஆண்டுப் பழைய கதை. அம்மாவின் கல்யாணத்துக்குச் சங்கிலி செய்து கொடுத்த ஆசாரி தாத்தாவை ஏமாற்றிவிட்டார் என்பது. பாட்டி கண்மூடும் வரை “தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்” என்று அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தச் சங்கிலியைச் சபைக்குப் போட மாட்டாள், வீட்டில் மட்டும்தான்.

அடுத்துச் செய்தது என் தவறு. பழைய தங்கம் மட்டுமே வாங்கும் கடை ஒன்றில் உதிரிக் குவியலைக் கொடுத்தேன். “உருக்கிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். விலை பிடிக்காவிட்டால் கட்டியை வாங்கிக்கொண்டு போகலாம், கட்டாயம் இல்லை” என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடிக்கு அந்தப்புறம் மூசையில் போட்டு உருக்கினார்கள். 14.60 கிராம் போனது, 13.05 கிராம் கட்டியாக வந்தது. திருகாணிகளுக்குள் இருந்த மெழுகு, மோதிரத்தின் பொடிக் கல், ஜிமிக்கிக்குள் இருந்த அரக்கு, எல்லாம் போய்விட்டன என்றார்கள். டச் 82. அவர்கள் வாங்கும் விலை கிராம் 10,950, பலகை விலையைவிட 350 ரூபாய் குறைவு. அதை உருக்கிய பிறகுதான் சொன்னார்கள். 1,27,900 ரூபாய்.

“வேண்டாம்” என்று சொல்லலாம்தான். ஆனால் ஜிமிக்கி இப்போது ஜிமிக்கியாக இல்லை. ஒரு மஞ்சள் பொத்தான். உருக்கிய பிறகு நம் கையிலிருக்கும் ஒரே பலம் எழுந்து போவது மட்டும்தான், அதற்கும் உருக்குக் கூலி 300 ரூபாய். விலையைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகே உருக்கச் சம்மதித்திருக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஜிமிக்கியின் ஜோடி ஒரு மாதம் கழித்து அம்மாவின் பழைய பட்டுப்புடவை மடிப்பில் கிடைத்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை.

கட்டியை வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா கண்ணில் பட்டார். அந்தப் பகுதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி. “டீச்சர், இங்கே என்ன வேலை?” என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று பட்டறைக்கு அழைத்துப் போனார்.

அன்று அந்த மனையில் உட்கார்ந்து கற்றது, நான் பிஎட் படித்ததைவிடப் பயனுள்ளது. பழைய மணிச் சங்கிலிக்கு டச் ஏன் 84தான் வருகிறது? ஆசாரி ஏமாற்றியதால்தான் என்று எல்லாரும் நினைக்கிறோம். அவர் சங்கிலியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நூற்றுக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பற்றவைப்பு. பற்றவைக்கப் பயன்படும் பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும். அதற்காகத் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். மணி 22 காரட்டாகவே இருந்தாலும் பொடி அவ்வளவு இருக்காது. எத்தனை பற்று உண்டோ அத்தனைக்கு டச் இறங்கும். ஒரே ஒரு பற்றுள்ள வளையல் 91 காட்டும், நூறு பற்றுள்ள சங்கிலி 84 காட்டும். கேடிஎம் என்பது அந்தப் பொடிக்குப் பதில் காட்மியம் கலந்து பற்றவைத்தது. தங்கம் குறையாது, ஆனால் அந்தப் புகை பட்டறையில் இருப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் அந்த முறை விலக்கப்பட்டது. முத்திரையில் கேடிஎம் என்று இருப்பதை வைத்துத் தூய்மை இவ்வளவு என்று சொல்லவே முடியாது. “உங்கள் கொக்கி மட்டும் கேடிஎம் டீச்சர். பின்னால் மாற்றியது. சங்கிலி பழைய பொடிச் சங்கிலி” என்றார்.

கல்யாணச் சங்கிலியைக் கையில் வாங்கியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அம்மாவுக்குக் கல்யாணம் எந்த வருடம்?”

“1963. ஆவணி.”

“அப்படித்தான் நினைத்தேன்” என்றார்.

சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். 14 காரட் என்றால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டரை. அந்தக் கெடுபிடி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், தங்கக் கட்டுப்பாடு முழுதாக ஒழிந்தது 1990இல்தான். அந்த நாட்களில் வேலையிழந்த பொற்கொல்லர்கள் ஏராளம். இவருடைய அப்பா இரண்டு ஆண்டுகள் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினாராம். “சட்டத்துக்குப் பயந்து, சொன்ன மாற்றில் சுத்தமாகச் செய்திருக்கிறார் டீச்சர். இதைச் செய்தவர் கை நல்ல கை.”

அவரே ஒரு வழியும் சொன்னார். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். 2023இல் அரசு சொன்ன கட்டணம், நான்கு நகைகள் வரை 200 ரூபாய். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகைக்கு 45. விற்க வேண்டிய அவசியமில்லாத ஓர் இடத்தில் டச் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு வளையல், ஒரு மோதிரம், மணிச் சங்கிலி, கல்யாணச் சங்கிலி நான்கையும் கொடுத்தேன். கல்யாணச் சங்கிலிக்கு 58.7 என்று தாளில் அச்சாகி வந்தது. அந்தத் தாளைப் படம் எடுத்துத் தங்கைக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். அறுபது ஆண்டு வசவு வாங்கிய மனிதர் எந்த ஊர், பெயர் என்ன, இன்று அவர் பேரப்பிள்ளைகள் எங்கே, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

முதலில் இந்த மையத்துக்குப் போயிருந்தால், பெரிய கடையில் அந்த மேலாளர் சங்கிலியை விரல் நுனியால் தள்ளியபோது நான் தலைகுனிந்திருக்க மாட்டேன். 59 டச் நகை ஒன்றும் குப்பை இல்லை. அதில் 11.62 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அன்றைய விலைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். “நாங்கள் எடுப்பதில்லை” என்று சொல்லும் கடைகள் பல, கொஞ்சம் பொறுத்து, “சரி, வந்துவிட்டீர்கள்” என்று பாதி விலைக்கு எடுப்பதும் உண்டு என்றார் ஆசாரி.

அட்டிகைக்கு வருகிறேன். இதை எடைக்குப் போடுவதா என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் உண்மையான சண்டை. ஒரு கடையில் கல்லுக்கும் அரக்குக்கும் 13 கிராம் கழித்தார்கள். இன்னொரு கடையில் 9 கிராம். நான்கு கிராம் வித்தியாசம் என்பது நாற்பதாயிரம் ரூபாய். இருவருமே அளந்து சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். கல்லுக்குப் பின்னால் அரக்கு வைத்துக் கட்டிய நகையில், கல்லை எல்லாம் பெயர்த்து அரக்கை எரித்தால்தான் உண்மையான எடை தெரியும். பெயர்த்தால் அட்டிகை போய்விடும். கெம்புக்கு ஒரு பைசா கிடையாது. வேலைப்பாட்டுக்கும் கிடையாது. உருக்குகிற கடைக்கு அட்டிகையும் ஒன்றுதான், நசுங்கிய குழாயும் ஒன்றுதான். ஆனால் அதே அட்டிகையை இன்று செய்யச் சொன்னால் கல் பதிக்கத் தெரிந்த கைக்கு அலைய வேண்டும், சேதாரம் செய்கூலி வேறு. வாங்கினால் தங்க விலைக்கு மேல் கொடுக்க வேண்டிய ஒரு பொருளை, தங்க விலைக்கும் கீழே விற்பது என்ன கணக்கு? தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். “அது சரி, அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?” என்று கேட்டான். நான் போட்டுக்கொள்வேன் என்றேன். அந்தக் கேள்விக்கு அப்படி உடனே பதில் சொல்ல முடியாத நகைகளைத்தான் விற்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெளிந்தது. விழுந்திருந்த மூன்று கற்களை ஆசாரி 1,200 ரூபாய்க்குப் பதித்துக் கொடுத்தார்.

வளையல்களை விற்கவில்லை. யார் கைக்கும் ஏறும், அடுத்த கல்யாணத்துக்கு எப்படியும் வேண்டும். மறுபடி வாங்கப் போகிற ஒன்றை விற்றால், வாங்கும்போது சேதாரமும் வரியும் சேர்ந்து பதினேழு சதவீதத்துக்கு மேல் கூடுதல். வங்கியில் அடகு வைத்தால் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறாமல் நின்றால்கூட, இரண்டு ஆண்டுக்குள் மீட்க முடிந்தவர்களுக்கு அடகுதான் லாபம். விலை ஏறினால் கேட்கவே வேண்டாம். மீட்க முடியாது என்று மனதுக்குள் தெரிந்தவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டு ஏமாறக் கூடாது. வட்டி குட்டி போட்டு ஏலத்துக்குப் போன வளையல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுந்த சங்கிலிக்கும் உதிரிக் கட்டிக்கும் இந்தத் தர்க்கம் செல்லாது. யாரும் போடப் போகாததை வட்டி கட்டிக் காப்பாற்றுவானேன்?

ஆக, மணிச் சங்கிலியும் உதிரிக் கட்டியும் மட்டும் போயின. ஆசாரி தனக்குத் தெரிந்த மொத்தத் தங்க வியாபாரி ஒருவரிடம் அழைத்துப் போனார். விலையை முதலில் பேசி எழுதி வாங்கிக்கொண்டு, சங்கிலியை என் கண் முன்னால் உருக்கச் சொன்னேன். 22.30 கிராம் வந்தது, டச் 84. சுத்தத் தங்கக் கணக்கில் 18.73 கிராம். கட்டியில் 10.70. கிராம் 12,100 ரூபாய்க்கு மொத்தம் 3,56,100. பெரிய கடையில், அவர்கள் உருக்கிக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால், சங்கிலிக்குக் கிடைத்திருக்கக் கூடியதைவிட இங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் அதிகம். மூன்று நாள் அலைச்சல், பஸ் செலவு, ஆறு காபி. கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் இந்த அலைச்சலை மிச்சம் பிடிக்கலாம் என்றே நினைக்கிறேன்.

வியாபாரி பணத்தை வங்கிக் கணக்கில்தான் போட்டார். வியாபாரிகள் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. தாராளமாக ரொக்கம் நீட்டுபவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பான் எண்ணும் ஆதார் நகலும் கேட்டார். நாங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொண்டுபோயிருந்தேன். விற்கிற நமக்கு ஜிஎஸ்டி கிடையாது. வருமான வரி உண்டு. அம்மாவிடமிருந்து வந்த நகை என்பதால் அம்மா வாங்கிய நாளிலிருந்தே காலம் எண்ணப்படும், எனவே இது நீண்டகால ஆதாயம்; 2024 ஜூலைக்குப் பிறகு வரி 12.5 சதவீதம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதற்கு 2001 ஏப்ரல் 1இன் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அவரவர் பங்கை அவரவர் கணக்கில் காட்டுவது என்று முடிவு. தம்பி முனகினான். காட்டினான்.

மாடி வேலை போக மிஞ்சியது ஆளுக்கு 32,000. மீதி நகைகளைச் சுத்தத் தங்க எடையில் எழுதிப் பிரித்தேன். இரண்டு வளையல் தம்பிக்கு, கல்யாணச் சங்கிலியும் மோதிரங்களும் தங்கைக்கு, அட்டிகை எனக்கு. ஆளுக்குச் சுமார் பதினைந்து கிராம் வந்தது. பரீட்சைக்கு வினா தயாரித்தால்கூட இவ்வளவு சரியாக அமையாது. மிச்சம் இரண்டு வளையல் வீட்டுச் செலவுக்கென்று பொதுவில் இருக்கிறது.

டிசம்பர் நடுவில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிய அன்று தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். “இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அக்கா...” என்று ஆரம்பித்தான். ஐப்பசி மழையில் பூஜை அறைச் சுவர் நனையவில்லை என்று சொன்னேன். அவன் விடாமல் தொகையைச் சொன்னான். சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தான்.

தங்கை கல்யாணச் சங்கிலியைப் பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். 22 காரட் சங்கிலியாக இருந்திருந்தால் அறுபது ஆண்டு உரசலில் கொக்கி தேய்ந்து நூலாகியிருக்கும். 14 காரட் கெட்டி, கொக்கி இன்னும் புதிதாக இருக்கிறது. யார் கேட்டாலும் அந்தச் சட்டத்தின் கதையைச் சொல்கிறாள், ஆண்டை மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பாக.

தாலிப் பொட்டு இரண்டும் இன்னும் அந்த பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கின்றன. உண்டியலில் போடலாம் என்றாள் தங்கை. உருக்கி மூன்று பேருக்கும் மோதிரமாகச் செய்யலாம் என்றான் தம்பி, விற்கலாம் என்று அவன்கூடச் சொல்லவில்லை. 3.20 கிராம். டச் பார்க்கவில்லை.